நூற்றில் எத்தனை

ஆய்வில் சேர்ந்தேன்.
குலுக்கலில் எனக்கு விழுந்தது
காத்திருப்போர் பட்டியல்.
நான்கு மாதம் எனக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள்.
சிகிச்சை பெற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்க
பெறாதவனும் வேண்டுமாம்.
கோபம் வரவில்லை.
ஹைலுவோட்டோத் தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறையும் மாதங்களில்
பனிக்கட்டியைத் துளைத்து, அளந்து,
கார் போகலாமா கூடாதா என்று
பலகையில் எழுதிவைப்பது என் பிழைப்பு.
அளக்காமல் ஒருவரையும் போகவிட்டதில்லை.

ஹில்க்கா போய் அது மூன்றாம் வருடம்.
மாதம் ஒருமுறை தபாலில் தாள் வரும்.
அவரை எண்ணி ஏங்குகிறீர்களா?
எப்போதாவது. வாரம் ஒருமுறை. தினமும். ஒரே நாளில் பலமுறை.
பலமுறை என்றால் எத்தனை என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டனுப்பினேன்.
பதில் இல்லை.
அவரின்றி வாழ்க்கை வெறுமையாக உள்ளதா?
அன்று காலைதான்
ஒழுகும் குழாயை நானே சரிசெய்திருந்தேன்.
"ஓரளவு" கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஐந்தாம் மாதம், ஊலு நகரில், வெண்லாவின் அறை.
காலணியை வாசலில் விட்டு
இருவரும் கம்பளிக் காலுறையில் உட்கார்ந்தோம்.
அவளுடையதில் ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை.
கண்ணை மூடுங்கள்,
அந்த நாளை இப்போது நடப்பதுபோலச் சொல்லுங்கள் என்றாள்.

செவ்வாய். காலை ஆறரை.
ஹில்க்கா காபித்தூள் அளக்கிறாள்.
நான் வாசற்படியில் பனி அள்ளுகிறேன்.
உள்ளே வருகிறேன்.
கரண்டி தரையில் கிடக்கிறது.

நூற்றில் எத்தனை? கேட்டாள்.
தொண்ணூற்றெட்டு.
நூறென்றால் பேச்சே வந்திருக்காது.

சொன்னதைப் பதிவுசெய்து கொடுத்தாள்,
தினமும் கேட்கச் சொல்லி.
கரையோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கேட்டேன்.
முதல் வாரம் கரண்டிவரைகூடப் போகவில்லை.
பதினோராம் முறை,
அள்ளுவதற்கும் உள்ளே வருவதற்கும் நடுவே
என் குரல் ஒரு மூச்சு நின்று போவதைக் கேட்டேன்.

அடுத்த வாரம் அதைச் சொன்னேன்.
அவள் என்னைக் கூப்பிட்டாள்.
காபி ஆயிற்று என்கிறாள் போலும் என்று நினைத்து
மிச்சமிருந்த பனியை முடித்துவிட்டுப் போனேன்.
மூன்று அள்ளு.
வெறும் மூன்று.

வெண்லா என்னைத் தேற்றவில்லை.
அந்த மூன்றையும்
ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன். முதலாவது கனமான ஈரப்பனி.
ஓடி வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று
ஆஸ்பத்திரியில் அன்றே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.
மூன்று வருடம் கழித்து
அது காதில் விழுந்தது.

பிறகு, நான் ஒதுக்கிவைத்தவற்றின் பட்டியல்.
கடையில் காபி அடுக்கு: எழுபது.
அவளுடைய பனிச்சறுக்குக் காலணி: எண்பத்தைந்து.
செவ்வாய்க்கிழமை என்றும் எழுதியிருந்தேன்.
செவ்வாயை எப்படி ஒதுக்குகிறீர்கள் என்றாள்.
தூங்கி.
முதல்முறையாக இருவரும் சிரித்தோம்.

காபி அடுக்கின்முன் இருபது நிமிடம் நின்றேன்.
யோர்மா தள்ளுவண்டியோடு வந்து,
உடம்பு சரியில்லையா என்றான்.
வீட்டுப்பாடம் என்றேன்.
மூன்று வருட டீக்குப் பிறகு
வாங்கிப்போன காபி கசந்தது.
தூள் அளவு எனக்குத் தெரியாது,
அது அவள் கணக்கு.

கடைசிக்கு முந்திய வாரம்
அவளிடம் பேசுங்கள்,
பிறகு அவளாகப் பதில் சொல்லுங்கள் என்றாள் வெண்லா.
எனக்கு நடிக்க வராது.
வெகுநேரம் காலுறையையே பார்த்திருந்தேன்.
உடனே வரவில்லை நான், என்றேன்.
என் வாயிலிருந்து அவளுடைய அவசரக் குரல் வந்தது:
படியைச் சுத்தமாக அள்ளியிருந்தாய்,
ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் வழுக்கவில்லை.

இப்போது பதிவைக் கேட்டால் முப்பத்தைந்து.
பூஜ்யமாகாதா என்றேன்.
பூஜ்யம் கேட்டா வந்தீர்கள் என்றாள்.

இறுதித் தாளில் அதே கேள்வி.
தினமும் என்று டிக் அடித்தேன்.
முன்பு, ஒரே நாளில் பலமுறை.
ஆய்வுக்கு
அந்த ஒரு கட்டம் நகர்ந்ததே கணக்காம்.